டி.எஸ்.எச். இறங்கினால் தைராய்டு ஏறியிருக்கிறது

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு வடசென்னையின் மாத்தூரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. காலையில் போய்க் கையை நீட்டினால் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்கத்தான் இரண்டு நாள் ஆகிறது. அந்த இரண்டு நாளில்தான் குழப்பமெல்லாம் நடக்கிறது.

எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனாலும் இளைக்கிறார். படபடப்பு, தூக்கமின்மை. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.01 என்று இருக்கிறது. பக்கத்தில் கீழே என்பதைக் குறிக்கும் ‘எல்’ எழுத்து, தடித்த அச்சில். அடுத்த வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, “உனக்குத் தைராய்டு ரொம்பக் கம்மியா இருக்கு பாரு. எனக்கும் இதான். டாக்டரப் பாக்குற வரைக்கும் என் மாத்திரையில ஒண்ணு போட்டுக்கோ” என்கிறார். அவர் சொல்வது முழுக்க அன்பினால்தான். ஆனால் அந்த மாத்திரை இந்தப் பெண்ணின் நோயை இன்னும் கூட்டும். அவருக்குத் தைராய்டு கம்மி இல்லை, மிக அதிகம்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து, 2013-ல் வெளியான ஆய்வொன்றில், பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பத்துக்கு ஒருவர். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் மாத்திரை போடுபவர் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்த ‘தைராய்டு’ அந்தக் குறைவுதான்: உடம்பு போடும், சோர்வாக இருக்கும், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதிகமாகச் சுரக்கும் தைராய்டு அவ்வளவு பரவலானதல்ல. அதனால் அதன் முகம் நமக்குப் பழக்கமில்லை. “எனக்குத் தைராய்டு இருக்கு” என்று இரண்டு பேர் சொன்னால், இருவருக்கும் நேர் எதிரான நோய்கள் இருக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இரண்டு மடல்களாக உட்கார்ந்திருக்கிறது தைராய்டு. எடை 15 முதல் 20 கிராம். நாம் சாப்பிடும் அயோடினை ரத்தத்திலிருந்து உறிஞ்சி இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. பெரும்பங்கு டி4 ஆகத்தான் வெளியே வருகிறது. உடலின் மற்ற இடங்களில் ஓர் அயோடினைக் கழற்றிவிட்டு அது டி3 ஆகிறது. செல்களுக்குள் வேலை செய்வது முக்கியமாக இந்த டி3 தான். இதயம் எத்தனை தரம் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு வேகமாக நகர வேண்டும், உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்க வேண்டும் என்பதிலெல்லாம் இதற்குப் பங்கு உண்டு.

இதை மேற்பார்வை பார்ப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் தூண்டல் ஹார்மோன்தான் டி.எஸ்.எச். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். ஒரு டீக்கடையை வைத்துப் பார்த்துவிடலாம். கல்லாவில் ஒருவர், உள்ளே பாய்லர் பக்கத்தில் மாஸ்டர். கல்லாக்காரரின் கண் முழுக்க மேடையில் நிற்கும் கிளாஸ்கள் மேல். கிளாஸ் குறைந்தால் “மாஸ்டர், நாலு டீ” என்று குரல் கொடுப்பார். மேடை நிறைந்திருந்தால் சும்மா இருப்பார். மாஸ்டர்தான் தைராய்டு, டீதான் டி3, டி4, கல்லாக்காரரின் குரல்தான் டி.எஸ்.எச்.

மாஸ்டருக்கு உடம்பு முடியவில்லை என்றால் டீ வராது. கல்லாக்காரர் கத்திக்கொண்டே இருப்பார். டி.எஸ்.எச். பத்து, இருபது, ஐம்பது என்று ஏறும். அதுதான் அக்காவுக்கு இருக்கும் குறைவு. மாறாக, யாரும் கேட்காமலே மாஸ்டர் ஆற்றி ஆற்றி மேடையை நிரப்பிக்கொண்டிருந்தால் கல்லாக்காரர் வாயே திறக்க மாட்டார். டி.எஸ்.எச். 0.01 என்பது அந்த மௌனம். ரிப்போர்ட்டில் அந்த வரியில் அச்சாவது டீயின் அளவல்ல, குரலின் அளவு. எண் கீழே போயிருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் மேலே போயிருக்கிறது என்று பொருள்.

எண் ஏன் இவ்வளவு அதலபாதாளத்துக்குப் போகிறது என்றும் கேட்கலாம். சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். பிட்யூட்டரி மிகவும் கூர்மையான கண்காணிப்பாளர். டி4 இரண்டு மடங்கு ஏறினால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் தைராய்டில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் மாறும் எண் இதுவாக இருக்கிறது, முதலில் இதையே கேட்கிறார்கள்.

ஆனால் முதலில் கேட்பது வேறு, இதை மட்டும் கேட்பது வேறு. டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். ரத்தத்தில் இருக்கும் டி4-ல் 99 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா பயணம் செய்கிறது. ஒட்டாமல் தனியாக இருக்கும் சொற்பம்தான் வேலை செய்யும், அந்தச் சொற்பத்தை அளப்பதே ஃப்ரீ டி4. அது ஏறியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. சிலருக்கு டி4 சரியாக இருக்கும், டி3 மட்டும் ஏறியிருக்கும். அதுவும் அதே நோய்தான், டி3 பார்க்காவிட்டால் தப்பிப் போகும். இரண்டும் சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் தாழ்ந்திருந்தால் அது ஆரம்ப நிலையாக இருக்கலாம், தற்காலிகமாகவும் இருக்கலாம். பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வயது 65-ஐத் தாண்டி, டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே தொடர்ந்து நின்றால், இதயத்தையும் எலும்பையும் காக்கப் பெரும்பாலும் சிகிச்சையை ஆரம்பிப்பார்கள். டி.எஸ்.எச்., டி4 இரண்டுமே தாழ்ந்திருந்தால் கதை வேறு: கல்லாக்காரருக்கே உடம்பு சரியில்லை, பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் மிக அதிகமாக ரத்தம் போன பெண்களுக்கு இப்படி வருவதுண்டு.

எண்ணை நம்பும் முன் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பல ஆய்வக இயந்திரங்களின் அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதி என்பதால், ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். உடம்பில் ஒரு நோயும் இருக்காது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தைராய்டு அதிகமானாலும் முடி கொட்டும், அதற்காகத்தான் அந்த மாத்திரையை வாங்கியிருப்பார்கள் என்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி எதிர்ப்படுகிறது.

இனி உடம்பைப் பார்ப்போம். இந்த நோய் வடசென்னையில் எளிதாக ஒளிந்துகொள்ளும். வியர்வை அதன் ஓர் அறிகுறி. மணலி, எண்ணூர்ப் பக்கம் மே மாதத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? தூக்கம் வராதது இன்னோர் அறிகுறி. மூன்று ஷிப்டு மாறி மாறிப் பார்ப்பவருக்குத் தூக்கம் என்றைக்கு ஒழுங்காக வந்தது? படபடப்பு என்றால் டென்ஷன், எரிச்சல் என்றால் வீட்டுப் பிரச்சினை, மூச்சு வாங்கினால் ஆலைப் புகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் பொய்யல்ல. அதனால்தான் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் ஃபேனைக் குறைக்கச் சொல்லும் மார்கழி இரவிலும் இவருக்கு மட்டும் வியர்க்கிறதா? பசி கூடியிருக்கிறதா, ஆனாலும் புடவை பிளவுஸ் தொளதொளக்கிறதா, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லையா? ஒரு தரம் போனவர் நாளைக்கு மூன்று தரம் மலம் கழிக்கிறாரா? மாதவிலக்கு குறைந்து இரண்டே நாளில் நின்றுவிடுகிறதா? உட்கார்ந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறதா? தொடைத் தசை இளைப்பதால் வருவது இந்தக் கடைசி விஷயம். இதைக் கேட்காமல் விட்டால் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

கையை நீட்டி விரல்களை விரித்து, மேலே ஒரு மெல்லிய தாளை வையுங்கள். தாளின் ஓரம் விடாமல் நுண்ணியதாக அதிர்ந்தால் கவனிக்க வேண்டும். பிறகு மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். படுத்து ஓய்வெடுத்த பின்னும் தொண்ணூறு நூறைத் தாண்டி ஓடினால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று தண்ணீர் விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே ஏதாவது வீக்கம் மேலேறி இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். இவை நோயை உறுதி செய்யும் சோதனைகள் அல்ல. ரத்தம் கொடுக்கப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

வயதானவர்களிடம் இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது. நடுக்கமும் பதற்றமும் இல்லாமல், எடை மட்டும் இறங்கும், சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் புற்றுநோயோ என்று பயந்து ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். 1991 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அப்போது வயது 66, கேம்ப் டேவிட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கி, துடிப்பு தாறுமாறானது. மருத்துவமனையில் சேர்த்துத் தேடியதில் காரணம் தைராய்டு என்று தெரிந்தது. அவருடைய மனைவி பார்பராவுக்கும் அதற்கு முன்பே அதே நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. துடிப்பு இப்படித் தப்பினால் இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ஆகவே இ.சி.ஜி.யில் ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்த ஒவ்வொருவருக்கும் தைராய்டு பரிசோதனை எடுப்பது நியாயமானது.

ஆண்களுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. உழைக்கும் ஆட்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த இளைஞர், கடினமான வேலை முடித்து, ராத்திரி பரோட்டாவோ பிரியாணியோ வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிறார். விடிகாலையில் கண் விழித்தால் கால்களைத் தூக்க முடியவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, பேச்சு வருகிறது, தொட்டால் தெரிகிறது, ஆனால் கால் அசையவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் மளமளவென்று செல்களுக்குள் போய்விட்டதால் தசைகள் செயலிழந்திருக்கின்றன. தைராய்டு அதிகமாக இருக்கும் ஆசிய ஆண்களிடம்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத்துக்கே ஆபத்து. பொட்டாசியம் கொடுத்ததும் சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடுவார், சிக்கலே அங்கேதான். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள், தைராய்டைப் பார்க்காவிட்டால் திரும்பவும் வரும்.

டி4 ஏறியிருப்பது உறுதியானதும் அடுத்த கேள்வி: ஏன் ஏறியது? இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேரே மாத்திரைக்குப் போவதுதான் நான் கவலைப்படும் இரண்டாவது தவறு. காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறும்.

மிகப் பொதுவான காரணம் கிரேவ்ஸ் நோய். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் விவரித்ததால் அந்தப் பெயர். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பொருள் ஒன்று, தைராய்டின் மேல் டி.எஸ்.எச். உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, சுரக்கச் சொல்லி விடாமல் தூண்டுகிறது. கடைக்கு வெளியே யாரோ நின்றுகொண்டு கல்லாக்காரர் குரலிலேயே ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார், மாஸ்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது, முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் கூடுதல். அந்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் நேரடியாகவே அளக்கலாம். அந்தச் சோதனையை ‘டிராப்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டாவது காரணம், சுரப்பிக்குள் கட்டிகள். ஒரு கட்டியோ பல கட்டிகளோ யார் சொல்லையும் கேட்காமல் தாமாகச் சுரக்கின்றன. வயது ஏற ஏற இந்த வகை கூடும்.

மூன்றாவதில் மாஸ்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தைராய்டு பல வாரத்துக்கு வேண்டிய ஹார்மோனை முன்கூட்டியே செய்து உள்ளே சேமித்து வைத்திருக்கும். சுரப்பியில் அழற்சி வந்தால் பாத்திரத்தில் விரிசல் விட்டதுபோல அந்தச் சேமிப்பு கசிந்துவிடுகிறது. பிரசவமாகி சில மாதங்களில் சில தாய்மார்களுக்கு வலியே இல்லாமல் இது வரும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து வலியோடு வருவதும் உண்டு. சேமிப்பு தீர்ந்ததும் கசிவு தானாக நின்றுவிடும், பிறகு சில காலம் குறைவாகக்கூடப் போகும். சுரப்பதைத் தடுக்கும் மாத்திரை இங்கே பயன்படாது, ஏனென்றால் புதிதாக எதுவும் சுரக்கவில்லை. படபடப்புக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருந்தால் போதும். இவை தவிர, அமியோடரோன் என்ற இதய மாத்திரையாலும் வரலாம். தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் வரலாம். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அந்த மாத்திரையை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அது இதயத்தையும் எலும்பையும் பணயம் வைக்கும் காரியம்.

சுரக்கிறதா, கசிகிறதா என்று பிரித்துக் காட்டுவது ஒரு ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு நரம்பில் ஏற்றி, சற்று நேரத்தில் கழுத்தைக் காமா கேமராவில் பார்ப்பார்கள். கிரேவ்ஸ் என்றால் சுரப்பி முழுக்க அதை ஆவலோடு இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும், கட்டி என்றால் கட்டி மட்டும், கசிவு என்றால் ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறே மணி நேரம் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் எடுப்பதில்லை. பாலூட்டுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சமீபத்தில் சாய மருந்து ஏற்றிச் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். அந்த மருந்தில் இருக்கும் அயோடின் சில வாரங்களுக்கு இந்த ஸ்கேனைக் குழப்பிவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். முதல் நாளிலேயே பலருக்கும் கிடைப்பது புரோப்ரனலால். இது சுரப்பியைத் தொடுவதே இல்லை, இதயத்தின் பதற்றத்தையும் கை நடுக்கத்தையும் அடக்கும். ஒரே நாளில் நிம்மதி தெரியும். வீசிங் இருப்பவர்கள் இதைப் போடக் கூடாது, கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நோயின் வேரைப் பிடிப்பது கார்பிமசோல். அயோடினை ஹார்மோனாகக் கோக்கும் வேலையை அது தடுக்கிறது. இந்த வகை மருந்தை 1943-ல் அமெரிக்க மருத்துவர் எட்வின் ஆஸ்ட்வுட் நோயாளிகளுக்குக் கொடுத்து நிரூபித்த பிறகுதான் கத்தி வைக்காமல் இந்த நோயைக் கட்டுப்படுத்த வழி பிறந்தது.

கார்பிமசோல் போட்டு ஒரு வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சேமிப்பை நினைத்துப் பாருங்கள். மாத்திரை புதிதாகச் சுரப்பதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே சேமித்து வைத்தது தீர வேண்டும் அல்லவா? நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இன்னொன்று: டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச். பல மாதம் தாழ்ந்தே நிற்கும். நெடுநாள் மௌனமாக இருந்த பிட்யூட்டரி மறுபடி குரல் கொடுக்கக் காலம் எடுத்துக்கொள்கிறது. ஆரம்ப மாதங்களில் டி.எஸ்.எச்.சை மட்டும் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினால், மருந்தை ஏற்றி ஏற்றிக் குறைவில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவோம். அதே எண், அதே குழப்பம், வேறு வாசல் வழியாக.

கிரேவ்ஸ் நோய்க்கு இந்த மாத்திரையை ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை தொடர்ந்து, பிறகு நிறுத்திப் பார்ப்பார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் திரும்ப வராது, மீதிப் பேருக்கு வரும். கட்டி வகையில் மாத்திரை அடக்கி வைக்கும், குணப்படுத்தாது.

கார்பிமசோல் பற்றி ஒரு விஷயத்தை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வைக்க வேண்டும் என்பேன். ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் திடீரென்று சரிந்துவிடும். அப்போது சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். அறிகுறி காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். இந்த மாத்திரை போடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். கண் மஞ்சளானாலும் சிறுநீர் அடர்ந்த நிறமானாலும் இதே விதிதான்.

இரண்டாவது வழி, கதிரியக்க அயோடின். தைராய்டுக்கு அயோடின் மேல் இருக்கும் ஆசையையே பயன்படுத்திக்கொள்ளும் இந்த யோசனையை, 1941 மார்ச் 31-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குச் செய்து காட்டினார். ஒரு காப்ஸ்யூலோ கொஞ்சம் திரவமோ விழுங்கினால் போதும், சுரப்பி அதைத் தானே இழுத்துக்கொண்டு தன் செல்களைத் தானே இழக்கும். அரை ஆயுள் எட்டு நாள். கதிரியக்கம் என்றதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் எண்பது ஆண்டுகளாக உலகெங்கும் கொடுக்கப்படும் சிகிச்சை இது, அதிபர் புஷ்ஷும் இதைத்தான் எடுத்துக்கொண்டார். சில நாள் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகி இருக்க வேண்டும். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் கொடுக்கவே கூடாது, எடுத்துக்கொண்ட பெண்கள் ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கிரேவ்ஸ் நோயில் சிலருக்குக் கண் பிதுங்கும், இமை மேலேறும், மண் விழுந்ததுபோல் உறுத்தும். அப்படிக் கண் பாதிப்பு தீவிரமாக இருப்பவர்களுக்கு இந்த அயோடின் அதைக் கூட்டலாம். புகை பிடிப்பது நிச்சயம் கூட்டும். கிரேவ்ஸ் என்று தெரிந்த அன்றே பீடி சிகரெட்டை விட்டுவிட வேண்டும், கண்ணைக் காப்பாற்ற அதற்கு ஈடான வேறு காரியம் நோயாளியின் கையில் இல்லை.

மூன்றாவது, சுரப்பியை எடுத்துவிடுவது. பெரிய வீக்கம் மூச்சுக்குழாயை அமுக்கினாலோ, புற்றுநோய் சந்தேகம் இருந்தாலோ இதுவே சிறந்தது. பெர்னில் இந்த அறுவையை நுட்பமாக வளர்த்த தியோடர் கோகருக்கு 1909-ல் நோபல் பரிசே கிடைத்தது. குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் ஒட்டியே இருப்பதால் பழகிய கை வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே எண்டோகிரைன் சர்ஜரி துறை இருக்கிறது. மாத்தூரிலிருந்து முதலில் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய் பொது மருத்துவப் பிரிவில் காட்டினாலும் அங்கிருந்து வழி சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எதையும் தீர்மானிக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அறுவைக்குப் பின் கட்டாயமாகவும், கதிரியக்க அயோடினுக்குப் பின் பெரும்பாலும், தைராய்டு குறைவாகிவிடும். அது சிகிச்சை கெட்டுப்போனதன் அடையாளமல்ல, எதிர்பார்த்த முடிவு. அடுத்த வீட்டு அக்கா நீட்டிய அதே லெவோதைராக்சின் மாத்திரை இப்போதுதான் சரியான மருந்தாகிறது. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, டீயோ காபியோ குடிக்க அரை மணியாவது காத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. வீட்டுச் சமையலில் சேரும் அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. வாங்கும் பாக்கெட்டில் இருக்க வேண்டிய அயோடின் பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு, சுரப்பிக்குத் தினமும் வேண்டிய அளவுக்கானது. முட்டைக்கோசு சாப்பிட்டுக் குணமாக்கலாம் என்பதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். கடற்பாசி மாத்திரை, அயோடின் டானிக் போன்றவற்றை மட்டும் தொடாமல் இருந்தால் போதும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். கொஞ்சம் இறங்குவது இயல்பு. கர்ப்ப ஹார்மோன் தைராய்டை லேசாகத் தூண்டுவதால் வருவது அது, வாந்தி மிகுந்தவர்களிடம் இன்னும் கூடும், பெரும்பாலும் மருந்தில்லாமல் சரியாகும். உண்மையிலேயே கிரேவ்ஸ் இருந்து கார்பிமசோல் போடும் பெண் கர்ப்பமானால், முதல் மாதங்களில் அந்த மாத்திரை குழந்தையின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கலாம் என்பதால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். நாள் தள்ளிப்போன அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், மூன்றாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது.

நிறுத்துவதைப் பற்றித்தான் கடைசியாகவும் சொல்ல விரும்புகிறேன். நோய் முழுதும் அடங்காத நிலையில் ஊருக்குப் போகிறேன், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இரண்டு மூன்று வாரம் விட்டு, அந்த நேரம் பார்த்து ஒரு நிமோனியாவோ பெரிய காய்ச்சலோ வந்தால், தைராய்டு புயல் என்று மருத்துவர்கள் அஞ்சும் நிலை வரலாம். கடுங்காய்ச்சல், நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டும் துடிப்பு, வாந்தி, பேதி, பிதற்றல். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாலும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை. இது அரிதானது, பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும்கூட. அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள்.